முதிரைமோட்டைக்காரரின் இடக்கைச் சின்னிவிரல்

முதிரைமோட்டையில் நானூற்றுப் பன்னிரண்டு வாக்குகளும் அதைவிடச் சற்றே கூடுதலான பசுமாடுகளும் இருந்த காலத்தில், சனாதிபதித் தேர்தலுக்கு இன்னும் இருபத்தாறு நாள் கிடந்த ஒரு புதன்கிழமை விடியலில், பரமேஸ் அக்கா பால் கேனைத் தூக்கிக்கொண்டு பால் கொட்டிலுக்கு வந்தபோது, அவளுடைய இடக்கைச் சின்னிவிரலில் நகத்திலிருந்து முதற்கணு வரைக்கும் ஊதா மை ஏறியிருந்தது. வாக்குப் போட்டு வருகிறவர்களுக்குப் பூசுகிற அதே மை, அதே நிறம், நகக்கண்ணில் கொஞ்சம் கறுத்துப் போகிற அதே குணம்.

கொட்டிலில் பால் அளக்கிறவள் துஷ்யந்தி. இருபத்தேழு வயது, ஒரு பெண்பிள்ளையின் தாய், எந்த நேரமும் சிரிப்பை வாயிலே அடக்கி வைத்திருக்கிறவள். பாலுக்குள் பால்மானியை விட்டால் அது ஆடி அடங்கி நிற்கும்வரைக்கும் அவள் நல்ல பால் என்றும் சொல்லமாட்டாள், தண்ணீர் கலந்த பால் என்றும் சொல்லமாட்டாள். எத்தனை பேர் வரிசையில் நின்று முணுமுணுத்தாலும் குனிந்து மானியையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"என்னக்கா, ஆரும் எழும்ப முந்தி ஓடிப்போய் வாக்குப் போட்டிட்டு வாறியளோ?"

"விசர்க் கதை கதையாதை. நேற்று மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கேக்கை, சரி, இந்தமுறை இவருக்குத்தான் எண்டு நினைச்சன். நினைச்சுப்போட்டு இடக்கையாலை தண்ணிச் செம்பைத் தூக்கிறன், இது."

"ஆருக்கு நினைச்சனீங்கள்?"

"அதை உனக்கு ஏன் சொல்லுவான்? நீ பாலை அள."

வெள்ளிக்கிழமைக்குள் மை நாற்பது விரல்களுக்கு வந்துவிட்டது. சைக்கிள் கடைத் தவபாலனுக்கு ரியூப் ஒட்டும்போது வந்தது, தேத்தண்ணிக் கடைச் செல்வக்கோனுக்குப் பால் பொங்கும்போது வந்தது, ஒருவருக்கும் வாக்குப் போடுவதில்லை என்று இருபது வருடமாகச் சொல்லித்திரிந்த கந்தப்பருக்கு, இந்தமுறையும் போடுவதில்லை என்று முடிவெடுத்தபோது அவருக்கும் அதே ஊதாவாக வந்தது. துஷ்யந்தியின் மனிசன் நிமலனுக்கு லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைச் சுழற்றி ஸ்டார்ட் எடுக்கும்போது வந்தது. சவர்க்காரம் போட்டுப் பார்த்தார்கள், தேசிக்காய் தேய்த்துப் பார்த்தார்கள், மண்ணெண்ணெயில் ஊறவிட்டுப் பார்த்தார்கள், பற்றரித் தண்ணீரில் விரலை விடப்போன ஒருவரை அவருடைய மாமியார் இழுத்துப் பிடித்தாள். மை மையாகவே இருந்தது. ஏன் வந்தது என்று கேட்டு ஒருவரும் மினக்கெடவில்லை. மழை ஏன் பெய்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தால் வைக்கோலை யார் மூடுவது? மனம் ஒரு முடிவில் நின்றால் விரல் ஊதாவாகும், நில்லாவிட்டால் ஆகாது. அவ்வளவு தெரிந்ததும் அவர்கள் அதை வைத்துக்கொண்டு சீவிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதனால் ஊரில் மைவிரல்காரர் என்றும் வெள்ளைவிரல்காரர் என்றும் இரண்டு சாதி வந்தது. வாக்குக் கேட்டு வருகிறவர்கள் படலையில் நின்று, "கையை ஒருக்கா காட்டுங்கோ" என்பார்கள். ஊதாவைக் கண்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வளவுக்குப் போய்விடுவார்கள், வெள்ளையைக் கண்டால் கதிரை கேட்டு இருந்துவிடுவார்கள். மனிசிக்கு வந்து மனிசனுக்கு வராத வீடுகளில் மனிசன்மார் கையைச் சாரத்துக்குள் செருகிக்கொண்டு திரிந்தார்கள். விரலில் சீலை சுற்றி, அரிவாள் வெட்டிப்போட்டது என்று சொன்னவர்களும் இருந்தார்கள். ஆனால் மை ஒரு விசயத்தை மட்டும் ஒருபோதும் சொல்லவில்லை. குடைச் சின்னத்துக்கென்று முடிவெடுத்தவருக்கும் ஏணிச் சின்னத்துக்கென்று முடிவெடுத்தவருக்கும், வெல்லமாட்டார் என்று தெரிந்தும் எங்கட ஆள் என்று பம்பரத்துக்குப் போட நினைத்தவருக்கும், அது ஒரே ஊதா.

அந்த ஒரே ஊதாவினால்தான் அடுத்த பிழை நடந்தது. ஊரில் குடைக்கு வேலை செய்தவன் தவபாலன், ஏணிக்கு வேலை செய்தவர் செல்வக்கோன். சைக்கிள் கடையும் தேத்தண்ணிக் கடையும் எதிரெதிரே கிடந்தும், போன தேர்தலிலிருந்து இரண்டு பேருக்கும் கதை இல்லை. வீடு வீடாக ஊதா பரவுவதைப் பார்த்த தவபாலன் ஊர் முழுக்கக் குடைக்கு வந்துவிட்டது என்று நினைத்தான். அதே ஊதாவைப் பார்த்த செல்வக்கோன் ஊர் முழுக்க ஏணியில் ஏறிவிட்டது என்று நினைத்தார். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வைத்தபோது இரண்டு பேரும் வந்தார்கள், இரண்டு பேருடைய ஆட்களும் வந்தார்கள், கோயில் மேளமும் வந்தது. இடக்கைகளை மேலே தூக்கிக்கொண்டு, பூத்த கத்தரித் தோட்டம் நடந்துபோகிற மாதிரி ஊரே ஒழுங்கையால் போனது. ஒவ்வொருவரும் மற்ற எல்லாருடைய விரலையும் தன் விரலாகவே நினைத்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். முதிரைமோட்டை அவ்வளவு ஒற்றுமையாக இருந்ததை அதற்கு முந்தி ஒருவரும் கண்டதில்லை.

அந்த ஊர்வலத்தில் தூக்குவதற்கு விரல் இல்லாமல் வேலியோடு நின்றவள் துஷ்யந்தி ஒருத்திதான். நானூற்றுப் பதினொரு விரலும் ஊதா, அவளுடையது மட்டும் முளைத்த கடலை மாதிரி வெள்ளை வெளேர் என்று இருந்தது.

அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. ஊரிலேயே வாக்குப் போடக் கூடுதலாக ஆசைப்பட்டவள் அவள்தான், ஏனென்றால் அவள் இன்னும் ஒருமுறைகூடப் போட்டதில்லை. முதல்தரம் பெயர் வாக்காளர் இடாப்பில் இல்லை. இரண்டாம்தரம், போன சனாதிபதித் தேர்தலன்று, அடையாள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு படலையைத் திறக்கும்போது இடுப்பு வலி வந்துவிட்டது. வைத்தியசாலை இருபத்தாறு கிலோமீற்றர். நிமலன் லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் பாய் விரித்து அவளைக் கிடத்திக்கொண்டு போனான். றோட்டுக்குக் குறுக்கே ஓடைக்கு மேல் கட்டியிருந்த கள்ளியோடை மதகு உடைந்து அதற்கு மேலால் மாரித் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது, அங்காலே வாக்குச்சாவடி, அதற்கும் அங்காலே வைத்தியசாலை. தண்ணீர் வடியட்டும் என்று காத்து நின்ற நேரத்தில், வாக்குப் போடப் போன பெண்கள் நாலு பேர் சேலையைப் பிடித்து மறைப்புக் கட்ட, மகிழினி அந்த மதகடியில் பிறந்தாள். பிள்ளைக்கும் தாய்க்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்களின் பயந்துபோன முகங்களை அவள் கீழே கிடந்து பார்த்தவள். அந்த முகங்களை அவள் மறக்கவில்லை. மகிழினியை இப்போதும் ஊர் "எலெக்சன் பிள்ளை" என்றுதான் கூப்பிடும், மதகும் இப்போதும் உடைந்தபடிதான் கிடக்கிறது.

ஆகவே வாக்குக் கேட்டு வந்த எல்லாரையும் அவள் கேட்டது ஒன்றைத்தான்: கள்ளியோடை மதகு எப்ப கட்டுவியள்? வென்ற கையோடு, என்று குடைக்காரர் சொன்னார்கள். வென்ற கையோடு, என்று ஏணிக்காரர் சொன்னார்கள். அங்கேயே விட்டிருந்தால் அவளுக்கும் விரல் ஊதாவாகியிருக்கும், ஆனால் அவள் மானி பார்க்கிறவள். "சரி, எத்தனை அடி அகலத்துக்குக் கட்டுவியள்?" என்று கேட்டாள். வந்தவர்கள் கதிரையிலிருந்து எழும்பினார்கள்.

"நீ சும்மா தேவையில்லாத கேள்வியெல்லாம் கேட்டு உன்ரை விரலை நீயே கெடுக்கிறாய்," என்றான் நிமலன். "ஊர்ச்சனம் என்னைப் பாத்துச் சிரிக்குது. என்ரை மனிசிக்கு இன்னும் ஏறேல்லையாம்."

"சிரிக்கட்டும். உங்களுக்கு ஏறினதிலை பாதி எனக்குத்தானே?" என்று சொல்லி அவள் சிரித்துவிட்டாள்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, கிராம அலுவலர் ஒரு அறிவித்தலைக் கொண்டுவந்து கொட்டில் சுவரில் ஒட்டிவிட்டுப் போனார். வாக்களிக்கும் முறை. வாக்குப் போட்டுப் பழகினவர்கள் அதை நின்று வாசிக்கவில்லை. துஷ்யந்தி மட்டும், முதல்முறை போடப்போகிறவள் என்பதால், மானி ஆடி அடங்குகிற நேரமெல்லாம் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். விருப்பு வாக்கு என்று ஒன்று இருப்பதும், ஒருவருக்கு ஒன்று போட்டு, பிடித்தால் இன்னொருவருக்கு இரண்டும் மற்றொருவருக்கு மூன்றும் போடலாம் என்பதும், ஒருவரும் பாதிக்கு மேல் எடுக்காவிட்டால் முன்னுக்கு நிற்கிற இரண்டு பேருக்காக மற்றவர்களின் சீட்டில் இரண்டையும் மூன்றையும் தேடிப் பார்ப்பார்கள் என்பதும் அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. அதற்கு மேலே இருந்த வரியை அவள் இரண்டுதரம் வாசித்தாள். பிறகு பால் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டுச் சத்தமாக வாசித்தாள்.

"வாக்காளரின் இடக்கைச் சின்னிவிரல் சோதிக்கப்படும். ஏற்கனவே மை அடையாளம் உள்ளவருக்கு வாக்குச்சீட்டு வழங்கப்படமாட்டாது."

வரிசையில் நின்ற முப்பது கேன்களும் ஒரே நேரத்தில் நிலத்தில் வைக்கப்பட்ட சத்தம் கேட்டது.

"அப்ப?" என்றாள் பரமேஸ் அக்கா.

"அப்ப முதிரைமோட்டையிலை ஒரு வாக்குத்தான் விழும்," என்றார் கந்தப்பர், மிகவும் திருப்தியோடு. "உந்தப் பெட்டை போடுற வாக்கு."

தேர்தல் கந்தோருக்கு இரண்டு லாண்ட்மாஸ்டரில் ஆள் போனது. அங்கிருந்த அலுவலர் நல்ல மனிசர். ஒவ்வொருவருடைய விரலையும் பஞ்சால் துடைத்துப் பார்த்தார், மணந்து பார்த்தார், இது எங்கட மைதான் என்று ஒத்துக்கொண்டார். மனம் முடிவெடுத்ததால் வந்த மை என்று அவர்கள் சொன்னபோது, அவர் அதையும் நம்பினார். ஆனால் சட்டத்தில் மை என்றுதான் இருக்கிறது, எதனால் வந்த மை என்று இல்லையே என்று கவலையோடு சொன்னார். வேண்டுமென்றால் எழுத்தில் தாங்கோ, மேலிடத்துக்கு அனுப்புவம், என்றார். எழுதிக் கொடுத்தார்கள். பதில் வந்தது, அடுத்த வருடம் தைப்பொங்கலுக்குப் பிறகு.

மை போகிற வழியைக் கண்டுபிடித்தது ஒருவரும் இல்லை, அது தானாகவே நடந்தது. அன்று பின்னேரம் நிமலன் கிணற்றுக்கட்டில் இருந்து விரலைச் செங்கல் தூளால் தேய்த்துக்கொண்டிருந்தான். துஷ்யந்தி வாளியைக் கீழே விட்டபடி, அவனைச் சீண்ட நினைக்காமல், உண்மையாகவே தெரியாமல் கேட்டாள்:

"இஞ்சருங்கோ, நீங்கள் நினைச்சிருக்கிற ஆள் வெண்டால், மகிழினியின்ரை பள்ளிக்கூடத்துக்கு ரீச்சர் வருமே?"

"வரும்."

"எப்பிடித் தெரியும்?"

நிமலன் வாயைத் திறந்தான். திறந்த வாய் திறந்தபடி நின்றது. அவன் யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் யோசிக்கும்போது அவன் காது மடல் அசையும். அப்போது அவனுடைய நகக்கண்ணில் இருந்த ஊதா, ஈரச்சேலையில் நீலம் கரைகிற மாதிரி மெல்ல மெல்ல வெளிறி, இளம்ரோஸாகி, இல்லாமல் போனது.

"எடி, துஷி," என்றான் நிமலன். "நீ இன்னொருக்கா கேள்."

அடுத்த நாள் தொடக்கம் பால் கொட்டிலில் இரண்டு வரிசை. ஒன்று பாலுக்கு, மற்றது சந்தேகத்துக்கு. இடக்கையை நீட்டிக்கொண்டு வருவார்கள், துஷ்யந்தி பாலும் அளந்து கேள்வியும் கேட்டு அனுப்புவாள். சும்மா கேட்கிற கேள்விக்கு மை அசையாது, கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் பதில் தெரியாத கேள்வியாக இருக்கவேண்டும், இரண்டு பேருக்கும் அந்தப் பதிலை அறிய உண்மையான ஆசை இருக்கவேண்டும். அந்த வித்தை பிடிபட்டதும் ஊர் முழுக்கக் கேட்கத் தொடங்கிவிட்டது. குளத்தடியில் குளிக்கிற பெண்கள், வேலிக்கு மேலால் எட்டிப் பார்க்கிறவர்கள், மாடு தேடிப் போகிறவர்கள் எல்லாரும் கேட்டார்கள். உங்கட ஆள் உரமானியம் தந்தால் அந்தக் காசை எங்கையிருந்து எடுப்பார்? எங்கட ஆள் வெல்லமாட்டார் எண்டு தெரிஞ்சும் போட்டால், அதை எண்ணிப் பாக்கிறவைக்கு என்ன விளங்கும்? வெல்லுற ஆளுக்கே போட்டால், நாங்கள் போட்டது அவருக்குத் தெரியுமே? இருபது வருடமாக ஒன்றையும் கேட்காத கந்தப்பரிடம் பரமேஸ் அக்கா, "நீ போடாமல் விட்ட வாக்கெல்லாம் எங்கை போனது?" என்று கேட்டாள். அவர் இரண்டு நாள் சாப்பிடாமல் யோசித்தார். மூன்றாம் நாள் அவருடைய விரல் வெள்ளை.

கறுத்துப்போய் இறுகிக் கிடந்தது தவபாலனின் மைதான். இரண்டாம் கணு தாண்டி ஏறியிருந்தது. தேர்தலுக்கு நாலு நாள் இருக்கும்போது, எல்லாரும் பால் கொடுத்துப் போனபிறகு, அவன் கையைச் சாரத்தில் மறைத்துக்கொண்டு கொட்டிலுக்கு வந்தான்.

"தங்கச்சி, எனக்கும் ஒண்டைக் கேளன்."

அவள் கேட்டாள். குடைக்காரர் வெண்டு உங்களை மறந்துபோனால்? மை அசையவில்லை. முந்தி ஒருக்கா வெண்டவை என்ன செய்தவை? அசையவில்லை. மதகின் அகலத்தையும் கேட்டுப் பார்த்தாள். தவபாலன் எல்லாவற்றுக்கும் ஆயத்தமாகப் பதில் வைத்திருந்தான், ஆறு கிழமை வீடு வீடாகச் சொல்லிப் பழகின பதில். துஷ்யந்தி மானியைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்தாள்.

"அண்ணை, செல்வக்கோன் அண்ணை ஏன் ஏணிக்கு வேலை செய்யிறார்?"

"அவனுக்கு மூளை இல்லை."

"கேட்டனீங்களே?"

"அவனோடை எனக்குக் கதை இல்லையெண்டு உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும். ஏன் செய்யிறார் எண்டுதான் தெரியாது. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது."

தவபாலன் எழும்பிப் போனான். ஐந்து வருடத்துக்குப் பிறகு றோட்டைக் கடந்து தேத்தண்ணிக் கடைக்குள் போய் வாங்கில் இருந்தான். செல்வக்கோன் ஒரு தேத்தண்ணி வைத்தார். பிறகு இன்னொன்று வைத்தார். மத்தியானம் திரும்பி வந்தபோது தவபாலனின் விரலில் நகத்தளவுதான் ஊதா மிஞ்சியிருந்தது.

"அவன்ரை தம்பி காணாமல்போன விசயமாய் அவன் எல்லாருக்கும் கடிதம் போட்டவனாம்," என்றான். "எங்கட ஆக்களுக்கும் போட்டவனாம். ஏணிக்காரற்றை கந்தோரிலையிருந்து மட்டும் ஒரு பதில் வந்ததாம். கடிதம் கிடைச்சது எண்டு ஒரு பதில். அவ்வளவுதான். அதை மடிச்சுச் சட்டைப்பைக்குள்ளை வைச்சிருக்கிறான்." அவன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நான் இன்னும் குடைக்குத்தான் தங்கச்சி. ஆனால்..."

"அந்த ஆனால் போதும் அண்ணை," என்றாள் துஷ்யந்தி.

ஊருக்கெல்லாம் இப்படி விரல் வெளுத்துக் கொடுத்தவளுக்குத்தான் தேர்தலுக்கு முதல்நாள் கண்டம் வந்தது. வாக்குக் கேட்டு ஒருத்தி வந்தாள், மெலிந்த, வெயிலில் கறுத்த பெட்டை. எந்தச் சின்னக்காரி என்று துஷ்யந்தி பிறகு ஒருவருக்கும் சொல்லவில்லை, இந்தக் கதையிலும் அது இல்லை. மதகு எத்தனை அடி என்று கேட்டதும் அந்தப் பெட்டை கதிரையிலிருந்து எழும்பவில்லை. "தெரியாது அக்கா. அளந்து பாப்பமே?" என்றாள். இரண்டு பேரும் மகிழினியையும் கூட்டிக்கொண்டு வெயிலில் நடந்துபோய், தையல் நாடாவைத் துண்டு துண்டாகப் பிடித்து மதகை அளந்தார்கள். பதினொரு அடி வரைக்கும் அளந்தார்கள், மிச்சம் முட்பற்றைக்குள் போய்விட்டது. "எங்கட ஆள் வெல்லுறது கஷ்டம் அக்கா," என்று போகும்போது அந்தப் பெட்டையே சொன்னாள்.

துஷ்யந்தியின் சின்னிவிரல் நுனியில் எறும்பு ஊர்கிற மாதிரி குறுகுறுத்தது. இன்று மனம் நின்றுவிட்டால் நாளைக்கு வாக்கில்லை. இன்னும் ஐந்து வருடம். அவள் விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டு தன்னையே கேட்டாள்: வெல்லாத ஆள் அளந்து என்ன பயன்? அளக்காத ஆள் வென்று என்ன பயன்? ஒன்றை எங்கே போடுவது, இரண்டை எங்கே போடுவது, மூன்றை வெறுமையாக விட்டால் என்ன? உலை கொதிக்கும்போதும் கேட்டாள், பிள்ளைக்குத் தலை இழுக்கும்போதும் கேட்டாள். மனம் மானி மாதிரி ஆடிக்கொண்டே இருந்தது, அவளும் அதை அடங்கவிடவில்லை.

தேர்தலன்று காலை ஊரே லாண்ட்மாஸ்டரிலும் சைக்கிளிலும் புறப்பட்டு, மதகடியில் இறங்கி நடந்து, அங்காலே பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடிக்குப் போனது. வரிசைக்குள் நின்று சின்னத்தையும் ஆளையும் பற்றிக் கதைக்கக்கூடாது என்று பொலிஸ்காரர் சொல்லிவிட்டார். அங்கேதான் சிக்கல். கேள்வி நின்றதும் மனங்கள் அடங்கத் தொடங்கின, வாசலுக்குக் கிட்டக் கிட்டப் போக விரல்கள் ஊதாவாகத் தொடங்கின. மூன்றாவதாக நின்ற பரமேஸ் அக்கா விரலைப் பார்த்துவிட்டு, "ஐயோ, எனக்கு வந்திட்டுது!" என்று கத்திக்கொண்டு வரிசையை விட்டு ஓடினாள். அவளுக்குப் பின்னால் இன்னும் ஆறு பேர்.

துஷ்யந்தி வரிசையில் இருந்து விலகி, கேற்றுக்கு வெளியே பொலிஸ்காரர் காட்டிய கோட்டுக்கு அங்காலே இருந்த புளியமரத்தின் கீழே போய் நின்றாள். ஊதாவாக வந்தவர்களை அங்கே வைத்து, சின்னத்தின் பெயர் சொல்லாமல், ஆளின் பெயர் சொல்லாமல் கேட்டாள். மாரி வந்தால் இந்த றோட்டாலை ஆர் வருவினம்? நீங்கள் போடுறது உங்களுக்கோ, உங்கட பேரப்பிள்ளைக்கோ? கோபத்திலை போடுறியளோ, யோசிச்சுப் போடுறியளோ? பொலிஸ்காரர் கிட்ட வந்து காது கொடுத்தார், பிழை ஒன்றும் பிடிக்க முடியவில்லை. போகும்போது தன் இடக்கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டு போனார். வெளுத்தவர்கள் ஓடிப்போய் வரிசையில் நிற்பார்கள், போட்டுவிட்டு அரசாங்க மையோடு சிரித்துக்கொண்டு வருவார்கள். இப்படியே பத்து மணியாகி, ஒரு மணியாகி, மூன்று மணியாகிவிட்டது. நாலு மணிக்குப் பூட்டிவிடுவார்கள்.

"நீ எப்ப போடப்போறாய்?" நிமலன் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு கத்தினான். "ஊருக்கெல்லாம் கேட்டுக்கேட்டு உன்ரையை விடப்போறியே?"

"தவபாலன் அண்ணைக்குத் திரும்ப ஏறிட்டுதப்பா. இனி அவர் ஒராள்தான் மிச்சம்."

தவபாலன் மரத்தடியில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். அப்போது எல்லாருக்கும் முதலே போட்டுவிட்டு வந்திருந்த செல்வக்கோன் மெதுவாக வந்து அவனுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"மச்சான், என்ரை கடிதத்துக்கு உன்ரை ஆக்கள் ஏன் பதில் போடேல்லை?"

"தெரியாதடா," என்றான் தவபாலன். "சத்தியமாய்த் தெரியாது. கேக்கிறன். வெண்டாலும் தோத்தாலும் கேக்கிறன்."

விரல் வெளுத்தது. தவபாலனும் துஷ்யந்தியும் ஓடினார்கள். நாலு மணிக்கு இன்னும் பதினொரு நிமிடம். அவனுக்குப் பின்னால் அவள், கடைசி ஆள், நெஞ்சுக்குள் அந்த நாடாவும் பதினொரு அடியும் வெல்லுவதும் தோற்பதும் ஒன்று இரண்டு மூன்றும் ஆடிக்கொண்டிருக்க. பெயர் வாசித்தார்கள். அடையாள அட்டையைப் பார்த்தார்கள். "கையைக் காட்டுங்கோ."

காட்டினாள். வெள்ளை.

மை பூசுகிற பிள்ளை நகத்திலிருந்து கணு வரைக்கும் குளிரக் குளிரப் பூசிவிட்டாள். சீட்டைக் கொடுத்தார்கள். கொடியில் காயப்போட்ட சேலை அளவு நீளம், அதில் முப்பத்தெட்டுச் சின்னம். அட்டை மறைப்புக்குள் போய் அதை விரித்து வைத்துக்கொண்டு, பென்சிலைக் கையில் எடுத்து, ஒரு மாதமாக ஊரே பழகின பழக்கத்தில் அவள் இடக்கைச் சின்னிவிரலைப் பார்த்தாள்.

மை இருந்தது. அது அரசாங்கம் பூசினது. அதற்குக் கீழே தன்னுடையது வந்துவிட்டதா, இன்னும் வரவில்லையா என்று சொல்ல இனி ஒருவராலும் முடியாது. நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் இந்த இடத்தில் விரல் உதவியிருக்காது என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. எல்லாரும் இங்கே வந்து, இந்த அட்டைக்குள்ளே, விரல் இல்லாமல்தான் நின்றிருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு ஒரு மூச்சு விட்டாள். மதகடியில் கீழே கிடந்து பார்த்த முகங்களை ஒருமுறை நினைத்தாள். பிறகு ஒன்று என்று போட்டாள். கொஞ்சம் பொறுத்து இன்னொரு இடத்தில் இரண்டு என்று போட்டாள். மூன்றுக்கு நெடுநேரம் தேடி, அதையும் போட்டாள்.

திரும்பி வரும்போது மதகடியில் லாண்ட்மாஸ்டரை நிறுத்தி வழமைபோல எல்லாரும் இறங்கினார்கள். மகிழினியைத் தூக்க அவள் கையை நீட்டினாள்.

"அம்மா, இந்தக் கையிலையும்," என்றாள் மகிழினி.

வலக்கைச் சின்னிவிரல், நகத்திலிருந்து முதற்கணு வரைக்கும், ஊதா. இடக்கையில் இடமில்லாததால் வலக்கைக்கு வந்திருந்தது.

நிமலன் குனிந்து பார்த்தான். "எப்ப வந்தது? போட முந்தியோ, போட்ட பிறகோ?"

துஷ்யந்தி பென்சில் பிடித்ததை நினைத்துப் பார்த்தாள், சீட்டை மடித்ததை நினைத்துப் பார்த்தாள், பெட்டிக்குள் விட்டதை நினைத்துப் பார்த்தாள். தன் கையையே தான் பார்க்கவில்லை என்பதுதான் ஞாபகம் வந்தது.

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்," என்றாள். பிறகு முட்பற்றையைக் காலால் ஒதுக்கிவிட்டு, "பொறுங்கோ, இதை நேற்று முழுக்க அளக்கேல்லை," என்று சொல்லி, மதகின் இந்த ஓரத்தில் குதிக்காலை வைத்து, அதற்கு முன்னால் மற்றக் காலை ஒட்டி வைத்து, அதற்கு முன்னால் மற்றதை வைத்து அளக்கத் தொடங்கினாள். மகிழினி இடுப்பில் இருந்தபடி சத்தமாக எண்ணினாள். பின்னால் வந்த லாண்ட்மாஸ்டர்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. பதினொன்று வந்ததும் பரமேஸ் அக்காவும் சேர்ந்து எண்ணினாள், பன்னிரண்டுக்குத் தவபாலனும் செல்வக்கோனும், பதின்மூன்றுக்கு முதிரைமோட்டை முழுக்க.